முதற்காட்சிக்காகச் செத்த தம்பி

என் தம்பியை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சின்யோராவின் கோப்பிக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தபோது சாகடித்தேன். அந்த நேரம் அவன் மொன்றியலில் தன் வீட்டில் நல்ல நித்திரையில் இருந்தான். ஒரு படத்தின் முதற்காட்சி பார்ப்பதற்காகத்தான் செய்தேன். படமும் சுமாரானதுதான்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே ஒரு தீவில் கேத்திரகணிதம் படிப்பித்தவன் நான். நிறுவாத எதையும் நம்பாதே என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். இத்தாலியின் பலேர்மோவுக்கு வந்து, லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு மருந்துக்கடைக்காரரின் விதவையோடு, அவருடைய நாலாம் மாடி வீட்டிலேயே தங்கி வேலைசெய்யத் தொடங்கியபோது எனக்கு நரை விழுந்துவிட்டது. சமைப்பேன், மாத்திரை கொடுப்பேன், பின்னேரத்தில் கைபிடித்து நடத்திக்கொண்டு போவேன். இங்குள்ள தமிழர்கள் என்னை இன்றும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சின்யோரா, அதாவது சீமாட்டி, என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவருடைய பிள்ளைகள் மிலானோவில். கதவு பூட்டியிருக்கிறதா, புருஷனின் கல்லறைக்குப் பூ வைத்தாயிற்றா, இரவு மாத்திரை விழுங்கியாயிற்றா என்பதெல்லாம் அவருக்கு என் வாயால் வரும் செய்திகள். நான் ஆம் என்றால் ஆம். அந்த வீட்டில் என் வேலை சமையல் அல்ல, அந்த "ஆம்" தான் என்று இப்போது விளங்குகிறது.

எங்கள் ஊர்ப் படங்கள் இங்கே எப்படி ஓடும் என்பதைச் சொல்லவேண்டும். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக்கடை வைத்திருக்கும் ஒருவர் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுப்பார். ஞாயிறும் மாலைகளும் இத்தாலியப் படங்களுக்கு. எங்களுக்குக் கிடைப்பது வேலைநாளில் காலை பத்து மணி, ஒரே ஒரு காட்சி. அந்த நேரம் பலேர்மோவில் உள்ள தமிழர் எல்லோரும் யாரோ ஒருவருடைய நிலத்தைத் துடைத்துக்கொண்டோ, யாரோ ஒருவரைக் குளிக்கவார்த்துக்கொண்டோ இருப்போம். லீவு எடுக்க வேண்டும். காய்ச்சல் என்றால் சின்யோராக்கள் டாக்டருக்குப் போன் அடிப்பார்கள். கொஸ்தூராவுக்கு, அதுதான் பொலிஸ் கந்தோருக்கு, போக வேண்டும், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும் என்றால் கடிதத்தைக் காட்டு என்பார்கள். சாவுக்கு மட்டும் யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கதவைத் திறந்துவிடுவார்கள்.

ஆகவே படம் வந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் சாவார்கள். அதற்கும் ஒழுங்கு இருந்தது. தாய் தகப்பனைத் தொடக்கூடாது. ஏற்கெனவே செத்தவர்களை இன்னொருமுறை சாகடிக்கலாம், பாவமில்லை. பெரியப்பாமார் நல்லது, எத்தனை பேர் இருந்தார்கள் என்று இத்தாலியருக்குத் தெரியாது. பெரிய நடிகரின் படம் வந்த ஒரு கிழமை லிபெர்த்தாவில் மட்டும் விழுந்த பெரியப்பாமாரின் கணக்கு எனக்கே பிடிபடவில்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்த சின்யோரா, தொப்பியைக் கழற்றாமலே என்னைக் கேட்டார்:

"உங்கள் தீவில் என்ன நோய்?"

"வயதுதான், சின்யோரா."

"எல்லோருக்கும் ஒரே நாளிலா?"

படித்தவன் என்ற நினைப்பில் நான் என் செத்துப்போன மாமன்மாரை மட்டுமே, ஆளுக்கு ஒரு தடவை பாவித்து வந்தேன். என் நாயகனின் அந்தப் படம் வருவதற்குள் அவர்கள் முடிந்துவிட்டார்கள். நாயகனின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வாசிப்பவர்களில் பாதிப்பேர் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். என் தம்பியும் அந்தப் பாதியைச் சேர்ந்தவன். அவன் எதிர்த்தரப்பு நாயகனின் ஆள். சிறுவயதிலிருந்து இதற்காக அடிபட்டிருக்கிறோம், ஒரே பாயில் படுத்துக்கொண்டு முதுகைக் காட்டியிருக்கிறோம். எனக்கு அறுபது தாண்டிய பிறகும் அது மாறவில்லை.

காட்சிக்கு முதல்நாள் மாலை அவன் தொலைபேசியில் வந்தான். கனடாவில் படம் முன்னதாகவே ஓடிவிட்டது.

"அண்ணை, உங்கடை ஆளின்ரை படம் பாத்தனான்."

"எப்பிடி?"

"இடைவேளைக்குப் பிறகு எனக்கும் பொப்கோர்ன் விக்கிற பெடிச்சிக்கும் மட்டும்தான் ஓடினது. அவளும் போனைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவள்."

"எரிச்சலிலை கதைக்காதை."

"எனக்கென்ன எரிச்சல்? கடைசியிலை ஆள் செத்தமாதிரிப் பெட்டிக்குள்ளை கிடந்திட்டுச் சடாரெண்டு எழும்புவார். அந்தக் கிடந்த இடம் நல்ல நடிப்பு அண்ணை. முகத்திலை ஒண்டுமே இல்லை. மற்ற இடங்களிலையும் அப்பிடித்தான், அது வேறை கதை."

முடிவைச் சொல்லிவிட்டான்! நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். காலையில் சின்யோரா என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டபோது, வாயில் முதலில் வந்தவன் அவன்தான்.

"என் தம்பி செத்துவிட்டான்," என்றேன். "எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான்."

கண்ணீரும் வந்தது. முடிவு தெரிந்துவிட்ட கோபத்தில் வந்த கண்ணீர், ஆனால் கண்ணீர். சின்யோரா எழுந்து வந்து, ஈரக் கையோடு நின்ற என்னைக் கட்டிப்பிடித்தார். தன் புருஷனின் கறுப்புக் கழுத்துப்பட்டியை அலுமாரியிலிருந்து எடுத்துத் தானே கட்டிவிட்டார்.

அந்தப் பட்டியோடு தியேட்டருக்குள் போனேன். போனால் பாதிப்பேர் கறுப்பில்தான் இருக்கிறார்கள். கறுப்புச் சட்டை, கறுப்புச் சால்வை, ஒருவர் கையில் அவருடைய சின்யோரா கொடுத்த மலர்வளையம். என் நாயகன் திரையில் வந்ததும் துக்கம் கொண்டாட வந்த அத்தனை பேரும் கதிரையில் ஏறி விசில் அடித்தோம். மலர்வளையம் திரைமேல் பறந்தது.

அடுத்த நாள் சின்யோரா தம்பியின் படம் கேட்டார். தன் புருஷனின் படத்துக்குப் பக்கத்தில் வைத்து விளக்கு ஏற்றுவதற்கு.

இங்கேதான் நான் பிழைவிட்டேன். தம்பியின் படம் என்னிடம் இருந்தது. ஆனால் உயிரோடிருக்கிறவனின் படத்துக்கு முன்னால் செத்தவர்களுக்கு ஏற்றும் விளக்கை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வாயால் சாகடித்தது விளையாட்டு, விளக்கு வைத்தால் பலித்துவிடும் என்று பயம். கேத்திரகணிதம் அந்த இடத்தில் உதவவில்லை. ஆகவே பலசரக்குக்கடைக் கலண்டரிலிருந்து என் நாயகனின் படத்தை வெட்டிக் கொடுத்தேன். வேட்டி சட்டையோடு கைகூப்பி நிற்கும் படம். அவரும் உயிரோடிருப்பவர்தான். ஆனால் நடிகர்களின் படத்துக்கு விளக்கு வைப்பதும் பாலூற்றுவதும் எங்கள் ஆட்கள் வழமையாகச் செய்வதுதானே, ஒன்றும் ஆகாது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

"எவ்வளவு அழகன்," என்று சின்யோரா மூக்கை உறிஞ்சினார். "உன்னைப்போல இல்லை."

வெள்ளிச் சட்டத்துக்குள் என் நாயகன் வருடக்கணக்காக நின்றார். கல்லறைகளில் வைக்கும் சிறிய சிவப்பு விளக்கு முன்னால் எரியும். செத்தவர்கள் இனிப்புக் கொண்டுவருவார்கள் என்று இங்கே நம்பும் ஆத்துமாக்கள் தினத்தில் சின்யோரா பாதாம் மாவில் பழம்போலச் செய்த இனிப்புகளை அவர் முன்னால் வைத்து, அடுத்த நாள் காலை, "உன் தம்பி உனக்குக் கொண்டுவந்தது," என்று என்னிடம் தருவார். தின்றேன். ஒவ்வொரு வருடமும் தின்றேன். தொண்டையில் நின்றது என்று எழுதினால் நன்றாயிருக்கும், ஆனால் இனிப்பாகத்தான் இருந்தது.

ஒருமுறை கீழ்வீட்டில் வேலைசெய்யும், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் தமிழ்ப் பெண் உப்புக் கேட்டு வந்தா. படத்தையும் விளக்கையும் கண்டு வாயைப் பொத்தினா.

"மாஸ்டர்! ஆள் செத்திட்டாரோ? எப்ப?"

"சாகேல்லை பிள்ளை. மெல்லக் கதை. அது என்ரை தம்பி."

"உங்கடை தம்பியோ?"

"சின்யோராவுக்கு."

அக்காவுக்கு விளங்கியது. எங்களில் யாருக்குத்தான் விளங்காது. உப்புக் கிண்ணத்தோடு சுவரில் சாய்ந்து சிரித்தா. "உங்கடை சின்யோரா ரசிகர் மன்றம் துடங்கிட்டா. நானும் சேரட்டோ?" என்றா.

சிரிப்பு அத்தோடு நிற்கவில்லை. ஒரு வசந்தகாலத்தில் தம்பி அறிவித்தான்: கனடாவிலிருந்து ஒரு கூட்டம் பாதுவா, ரோமாபுரி என்று யாத்திரை வருகிறது, அவன் அதிலிருந்து கழன்று இரண்டு நாள் பலேர்மோவுக்கு வருகிறான்.

"உங்கடை சின்யோராவைப் பாக்கவேணும் அண்ணை. மேப்பிள் பாணி கொண்டுவாறன்."

அவன் வரும்வரை தினமும் காலையில் சின்யோராவிடம் உண்மையைச் சொல்லத் தீர்மானித்தேன், தினமும் மாலையில் நாளைக்கு என்று தள்ளினேன். என்னை வேலையால் நிறுத்துவார் என்ற பயம் குறைவு. என்னுடைய "ஆம்" செல்லாக்காசாகிவிடும் என்ற பயம்தான் கூட. கடைசியில் அவனை ஒன்றுவிட்ட சகோதரன் என்று அறிமுகப்படுத்துவதாக முடிவெடுத்தேன். அவனுக்கு இத்தாலியமொழி தெரியாது, அவருக்குத் தமிழோ ஆங்கிலமோ தெரியாது. நடுவில் நான்தான் மொழிபெயர்ப்பேன். பாதுகாப்பான ஏற்பாடு என்று நினைத்தேன்.

தம்பி வந்தான், மேப்பிள் பாகுப் போத்தலைக் கொடுத்தான், கதிரையில் இருந்தான், நிமிர்ந்தான்.

"இவன் ஏன் இஞ்சை நிக்கிறான்?"

"மெல்ல. பிறகு சொல்லுறன்."

"விளக்கு வேறை வைச்சிருக்கு! என்ன அண்ணை இது, கோயிலோ?"

கோப்பி கொண்டுவர அடுப்படிக்குப் போனேன். திரும்பி வரும்போது இருவரும் சரளமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சில். அவன் முப்பது வருடமாக மொன்றியலில் டாக்சி ஓட்டுகிறவன் என்பதையும், சின்யோராவின் காலத்துப் பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு படிப்பித்தார்கள் என்பதையும் நான் ஒருபோதும் சேர்த்து யோசிக்கவில்லை. ஒரு சொல்லும் விளங்காமல் தட்டோடு நின்றேன். சின்யோரா படத்தைக் காட்டினார். தம்பி தன் நெஞ்சைத் தொட்டான். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"இவர்தான் உன் தம்பி என்கிறார்," என்றார் சின்யோரா, இத்தாலியமொழியில், மிக நிதானமாக. "உனக்கு ஒரு தம்பிதான் என்றாய்."

சொன்னேன். அவருக்கு இத்தாலியமொழியிலும் அவனுக்குத் தமிழிலுமாக எல்லாவற்றையும் சொன்னேன். பெரியப்பாமாரையும் சேர்த்து. நான் முடிப்பதற்குள் தம்பி எழுந்துவிட்டான்.

"என்னைச் சாகடிச்சனிங்கள், சரி. அது அண்ணன் தம்பிக்குள்ளை. ஆனா இவன்ரை மூஞ்சையோடையா நான் செத்தது? என்ரை ஆளின்ரை கலண்டர் ஒண்டும் பலேர்மோவிலை கிடைக்கேல்லையோ?"

சின்யோரா அவனைக் கவனிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இவரோடு பேசியிருக்கிறேன்," என்றார். "நீ சந்தைக்குப் போகும் நேரங்களில். மகளைப் பற்றி, கணவரைப் பற்றி, பாதிரியாருக்கும் சொல்லாத விஷயங்கள். செத்தவர்தானே, யாரிடம் சொல்லப்போகிறார் என்று." கொஞ்சம் யோசித்தார். "இவருக்கு இத்தாலியமொழி தெரியுமா?"

"தெரியாது, சின்யோரா."

"அது நல்லது," என்றார்.

பிறகு அவர் கேட்டதுதான் விசித்திரம். இவர் நடமாடுவதைப் பார்க்கவேண்டும் என்றார். தொலைக்காட்சியில் அதே படத்தைப் போட்டோம், நான் தம்பியைச் சாகடித்த படம். என் நாயகன் இருபது பேரைக் காற்றில் பறக்கவிட்டபோது சின்யோரா நெஞ்சில் கைவைத்தார். "எவ்வளவு அமைதியான மனிதராக இருந்தார்," என்றார். தம்பி ஒவ்வொரு காட்சிக்கும் நக்கல் அடித்தான், அவர் ஊன்றுகோலால் தரையில் தட்டி அவனை அடக்கினார். பெட்டிக்குள் கிடந்த நாயகன் எழும்பியபோது மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

என்னை அவர் அனுப்பிவிடவில்லை. ஆனால் அன்றிரவு நான் மாத்திரை நீட்டியதும் உள்ளங்கையில் வைத்து எண்ணினார். அதன்பிறகு தினமும் எண்ணினார். கதவு பூட்டியாயிற்று என்று நான் சொன்ன பிறகு, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நடைவழி முழுவதும் போய் இழுத்துப் பார்ப்பார். அந்தச் சத்தம் எனக்குப் பழகவில்லை. லீவு கேட்டால், "யார் செத்தது?" என்பார். "ஒருவரும் இல்லை, சின்யோரா. படம்," என்பேன். "போய் வா." அவர் அதைப் பகிடியாகத்தான் கேட்டார். நானும் பகிடியாகவே எடுத்துக்கொள்ளப் பழகினேன்.

கடந்த மாசியில் தம்பியின் மகன் தொலைபேசி எடுத்தான். தம்பி டாக்சியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, அப்படியே இருந்திருக்கிறான். மாரடைப்பு.

காலையில் சின்யோரா ரொட்டித்துண்டைக் கோப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தார். முன்பு நின்ற அதே இடத்தில் நின்று, முன்பு சொன்ன அதே வசனத்தைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து புன்னகைத்தார்.

"எந்தப் படம்?"

எனக்கு அழுகை வந்தது. அழாமல் அடக்கினேன். ஏனென்றால் முதல்முறையும் நான் நன்றாக அழுதிருந்தேன், அதை அவர் பார்த்திருந்தார். உண்மையான சாவுக்கென்று வேறு ஒரு அழுகை என்னிடம் இருக்கவில்லை.

மொன்றியல் போக என்னால் முடியவில்லை. மரணச்சடங்கை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். சின்யோராவைப் பக்கத்தில் இருத்தி அதே தொலைக்காட்சியில் போட்டேன். பெட்டிக்குள் தம்பி கோட்டும் சூட்டுமாகக் கிடந்தான். சின்யோரா மிகக் கவனமாகப் பார்த்தார். மூடியைக் கொண்டுவந்தபோது என் முழங்கையைத் தொட்டார்.

"இவரும் எழும்புவாரா?"

அவர் கேலி செய்யவில்லை. அதே திரை, அதே மாதிரிப் பெட்டி. ஒருவர் எழும்பியதை அவர் கண்ணால் கண்டவர். நம்பாதே என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

முப்பத்தோராம் நாள் பூசையை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, நாங்கள் வழமையாகத் தமிழ்ப் பூசை வைக்கும் பழைய கத்தோலிக்கக் கோவிலில் ஒழுங்குசெய்தேன். எல்லோருக்கும் சொன்னேன். "நாங்கள் வராமலோ, மாஸ்டர்?" என்றார்கள். கீழ்வீட்டு அக்கா பாட்டுக்குப் பொறுப்பு. அதற்குப் பிறகுதான் பலசரக்குக்கடைக்காரர் அறிவித்தார்: என் நாயகனின் புதுப்படம், வியாழக்கிழமை, காலை பத்து மணி.

சின்யோராவிடம் பூசைக்கு லீவு கேட்டேன். கறுப்புக் கோட்டை எடுத்துத் தரச்சொன்னார். "நானும் வருகிறேன்," என்றார். "இந்த முறை என் கண்ணால் பார்க்கிறேன்."

கோவிலுக்குள் நுழைந்தபோது வாங்கு இருக்கைகள் அரைவாசி நிறைந்திருந்தன. தமிழர் ஒருவரும் இல்லை. எல்லாம் சின்யோராக்கள். ரோமக்கோட்டும் முத்துமாலையுமாக லிபெர்த்தா முழுவதும் அங்கே இருந்தது. எனக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. எங்கள் ஆட்கள் அத்தனைபேரும், மாஸ்டரின் தம்பியின் பூசைக்குப் போகிறோம் என்று லீவு எடுத்துக்கொண்டு படத்துக்குப் போய்விட்டார்கள். முதல்தடவையாக உண்மையான ஒரு சாவு கிடைத்திருக்கிறது, யார் விடுவார்கள்? சின்யோராக்களோ மரியாதைக்குத் தாங்களும் ஒருமுறை தலைகாட்டுவோம் என்று வந்திருக்கிறார்கள்.

சுவாமியார் வாங்குகளைப் பார்த்துத் திகைத்தார். பிறகு தமிழிலேயே பூசை வைத்தார். பாட்டை அவரே தொடங்கி, அவரே முடித்தார். ஒரு சொல்லும் விளங்காத பலேர்மோச் சீமாட்டிகள் இடம் பார்த்து ஆமென் சொன்னார்கள். இடையில் என் சின்யோரா என் காதருகே குனிந்தார்.

"இன்றைக்குப் படமா?"

"ஆம், சின்யோரா."

"யாருடையது?"

"வீட்டில் சட்டத்துக்குள் இருப்பவருடையது."

என்னை நீண்டநேரம் பார்த்தார். "நீ போகவில்லை."

"இல்லை."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்தார். "அப்படியானால் செத்துத்தான் போனார்," என்றார். அவருக்குக் கண் நிரம்பியது. "பாவம், அந்த வாயாடி மனிதர்."

சவப்பெட்டியைக் காட்டியும் நிறுவ முடியாததை நான் போகாத ஒரு படம் நிறுவிவிட்டது. அதுவரை அடக்கிவைத்திருந்ததெல்லாம் அங்கே உடைந்தது. வாங்கில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பின்வரிசைச் சீமாட்டி ஒருவர் என் முதுகில் தட்டினார்.

வெளியே வந்ததும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். என் வீட்டு வேலைக்காரப் பெண் எங்கே, எங்கள் பையன் எங்கே என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் நகரம் முழுவதும் எங்கள் ஆட்களின் சொல் செல்லாமல் போகும். பொய் சொன்னால், என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடம் மறுபடியும் என் சொல் செல்லாது. சின்யோராவின் ஊன்றுகோல் என் சப்பாத்தின்மேல் ஏறி அழுத்தியது.

"அவர்கள் வழக்கம் அது," என்றார் மற்றவர்களிடம், தலையை நிமிர்த்தி. "முதல் பூசை குடும்பத்தினருக்கு மட்டும். மற்றவர்கள் தனித்தனியாகப் போய்ச் செபிப்பார்கள்."

சீமாட்டிகள் உருகிப்போனார்கள். எவ்வளவு அழகான வழக்கம் என்று ஒருவர் கண்ணைத் துடைத்தார். டாக்சியில் ஏறியதும் சின்யோரா சொன்னார்: "இவ்வளவு சுலபமா இது? எனக்குத் தெரியாமல் போய்விட்டதே."

வீட்டுக்கு வந்து தம்பியின் படம் கேட்டார். இம்முறை உண்மையானதைக் கொடுத்தேன். அவன் வந்த நாளில் எடுத்தது, என் நாயகனின் சட்டத்தைப் பார்த்து விரலை நீட்டித் திட்டிக்கொண்டிருக்கிறான். வேறு ஒரு படத்திலும் அவன் அவ்வளவு அவனாக இல்லை. இந்தப் பக்கம் வைத்தால் விரல் சின்யோராவின் புருஷனை நோக்கி நீள்கிறது. அந்தப் பக்கம் மாற்றி வைத்தோம். விளக்கு ஒன்றுதான், நாயகனுக்கும் தம்பிக்கும் நடுவில். என் நாயகனோடு ஒரே விளக்கைப் பங்குபோட அவன் ஒருபோதும் சம்மதித்திருக்கமாட்டான். சின்யோராவுக்கும் அது தோன்றியிருக்கவேண்டும். நாயகனின் சட்டத்தை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். "இன்று ஒரு நாளைக்கு," என்றார்.

அன்று மாத்திரைகளை நீட்டினேன். எண்ணாமல் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கதவைப் பூட்டிவிட்டேன் என்றேன். சரி என்றார். நடைவழியில் ஊன்றுகோல் சத்தம் கேட்குமா என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

மறுநாள் நான் சந்தையிலிருந்து திரும்பி வந்தபோது என் நாயகன் மறுபடியும் அறையைப் பார்த்துக்கொண்டு கைகூப்பி நின்றார். தம்பியின் விரல் அவரை நோக்கி நீண்டிருந்தது. சின்யோரா கதிரையை அவர்களுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கோவிலில் நடந்ததை இருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.